காலரா ஊசி, பிளேக் ஊசி, முல்கோவால்: ஹாஃப்கின் பத்தி நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

வணக்கம். நான் மெடிக்கல் காலேஜ்ல மைக்ரோபயாலஜி எடுக்கிறேன். வால்டெமர் ஹாஃப்கின் பத்தி ரொம்ப வருஷமா தேடித்தேடிப் படிச்சிட்டு வர்றேன், ஏன்னா காலராவுக்கும் பிளேக்குக்கும் ஊசி கண்டுபிடிச்சு அத இந்த மண்ணுலயே போட்டுக் காட்டுன மனுஷன நம்ம பாடப்புத்தகம் ரெண்டு வரில கடந்து போயிடுது. கேள்விகளை முன்னாடியே வாங்கி வச்சிருந்தேன், வந்த வரிசைலயே பதில் சொல்றேன்.

பி.எஸ்சி. மாணவர்: அக்கா, பாஸ்டர், கோக் ரெண்டு பேரும் தெரியும். இவரு எந்த ஊரு? எப்படி இந்தத் துறைக்கு வந்தாரு?

1860ல ஒடெஸால பிறந்தவரு தம்பி. அப்ப அது ரஷ்யப் பேரரசு, இப்ப உக்ரைன். யூதக் குடும்பம். ஒடெஸா யுனிவர்சிடில விலங்கியல் படிச்சாரு, வாத்தியாரு யாருன்னா மெச்னிகோவ், நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளணுக்கள் கிருமிய விழுங்குதுன்னு பின்னாடி கண்டுபிடிச்சு நோபல் வாங்குனாரே, அவரேதான். அந்தக் காலத்துல அங்க யூதர்கள் மேல கலவரம் கலவரமா நடந்துச்சு, வீடு புகுந்து அடிக்கிறது, கடைய எரிக்கிறது. ஹாஃப்கின் தற்காப்புக் குழுல சேர்ந்து நின்னாரு, காயம் பட்டுச்சு, கைதும் ஆனாரு, மெச்னிகோவ் தலையிட்டுதான் வெளிய வந்தாரு. படிப்ப முடிச்சும் யுனிவர்சிடில பேராசிரியர் ஆக முடியல. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத்துக்கு மாறுனா பாக்கலாம்னு சொன்னாங்க, மாட்டேன்னுட்டாரு. 1888ல ஊர விட்டே கிளம்பி ஜெனிவா போயிட்டாரு.

அடுத்த வருஷம் பாரிஸ். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் புதுசா தொறந்திருந்துச்சு, மெச்னிகோவ் அங்க இருந்தாரு. ஆனா காலியா இருந்த ஒரே வேலை லைப்ரரில உதவியாளர். அதையும் ஏத்துக்கிட்டாரு. வேலை முடிஞ்ச நேரத்துல லேப்ல ஒக்காந்து கிருமிகளோட மல்லுக்கட்டுனாரு, இடையில வயலின் வாசிப்பாரு. நம்ம வாழ்க்கை வரலாறுல எல்லாம் பெரிய ஆளுங்க பெரிய நாற்காலில ஒக்காந்துதான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதுறாங்க, இவரு புஸ்தகம் அடுக்கிக்கிட்டே செஞ்சாரு.

நர்சிங் மாணவி: மேடம், காலரா ஊசிய தனக்கே போட்டுக்கிட்டாருன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மைதான்மா. 1892 ஜூலை 18. முதல்ல வேலை என்னன்னு சொல்லிடறேன். காலரா கிருமிய ஜெர்மன் விஞ்ஞானி கோக் 1884ல நம்ம கல்கத்தாலயே உறுதி பண்ணிட்டாரு. ஹாஃப்கின் அந்தக் கிருமிய கினி பிக் வயித்துக்குள்ள செலுத்தி, அதுல இருந்து எடுத்து அடுத்ததுக்கு, அதுல இருந்து அதுக்கு அடுத்ததுக்குன்னு 39 தடவ மாத்திமாத்திக் கொண்டு போனாரு. ஒவ்வொரு தடவையும் கிருமியோட வீரியம் ஏறிக்கிட்டே போச்சு. இன்னொரு பக்கம் அதே கிருமிய 39 டிகிரி சூட்டுல, காத்தோட்டமா வளத்து வீரியத்தக் குறைச்சாரு. முதல் ஊசி பலவீனமானது, சில நாள் கழிச்சு ரெண்டாவது ஊசி வீரியமானது. முதல் ஊசி உடம்பத் தயார் பண்ணும், ரெண்டாவது ஊசி அத உறுதிப்படுத்தும்ங்கறது அவரோட கணக்கு.

காய்ச்சல் வந்துச்சு, ஊசி போட்ட இடம் வலிச்சுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. அடுத்து மூணு ரஷ்ய நண்பர்கள் போட்டுக்கிட்டாங்க. இதுக்கு முன்னாடி 1885லயே ஸ்பெயின்ல ஃபெரான்னு ஒருத்தர் காலரா ஊசி போட்டிருக்காரு, அதையும் சொல்லிடணும். ஆனா யாருக்குப் போட்டோம், யாருக்குப் போடல, யாருக்கு என்ன ஆச்சுன்னு அங்க ஒழுங்கான கணக்கு இல்லாததால அது நிக்கல. அந்தக் கணக்குதான் ஹாஃப்கினோட உயிர்நாடி, கீழ நிறைய வரும்.

சேலத்துல இருந்து ஒரு வாசகர்: ரஷ்யா, பிரான்ஸ் எல்லாம் விட்டுட்டு ஏன் இந்தியா வந்தாரு?

ரஷ்யா வேண்டாம்னு சொல்லிடுச்சு. பாரிஸ்ல அப்ப பிரிட்டிஷ் தூதரா இருந்தவரு டஃப்ரின் பிரபு, முன்னாடி இந்தியாவுல வைஸ்ராயா இருந்தவரு. அவருதான் இந்தியா போங்கன்னு வழிகாட்டுனாரு. காலரா வருஷா வருஷம் வர்ற இடம் இது. 1893 மார்ச்ல கல்கத்தால வந்து இறங்கிட்டாரு.

அதே வாசகர்: ஜனங்க உடனே ஏத்துக்கிட்டாங்களா?

எப்படிங்க ஏத்துப்பாங்க? வெள்ளைக்காரன் ஊசியோட வர்றான், அதுல என்ன இருக்குன்னு தெரியாது. கல்லெறிஞ்சிருக்காங்க. அவரு என்ன பண்ணாருன்னா ஜனங்க பாக்க தனக்குத்தானே ஊசி போட்டுக் காட்டுனாரு. கூட சௌத்ரி, கோஷ், சாட்டர்ஜி, தத்னு நாலு வங்காள டாக்டர்கள் வேலை செஞ்சாங்க, அவங்க இல்லேன்னா கல்கத்தால ஒரு வீட்டுக்குள்ளயும் நுழைஞ்சிருக்க முடியாது, அவங்க பேரு எங்கயும் பெருசா வராதது எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

1894 மார்ச்ல கட்டல் பகான்னு ஒரு குடிசைப் பகுதி, அங்க காலரா வந்து ரெண்டு பேரு செத்துட்டாங்க. சுமார் 200 பேரு வாழுற இடம். அதுல 116 பேரு ஊசி போட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க 10 பேருக்கு காலரா வந்துச்சு, 7 பேரு இறந்தாங்க, 10 பேருமே ஊசி போடாதவங்க. ஒரே குளத்துத் தண்ணி, ஒரே சந்து, ஒரே கூரை. அதனாலதான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. அதப் பாத்த பிறகு கல்கத்தா குடிசைப் பகுதிகள்ல ஜனங்களே வந்து கேக்க ஆரம்பிச்சாங்க.

1895ல மலேரியா வந்து படுத்துட்டாரு, ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டியதாச்சு. அதுக்குள்ள 40,000 பேருக்கு மேல போட்டு முடிச்சிருந்தாரு. அடுத்த வருஷமே திரும்பி வந்து அசாம் டீ எஸ்டேட்டுகள்ல வேலைய ஆரம்பிச்சாரு.

மும்பை தாராவியில வளந்தவர்: பம்பாய் பிளேக் கதைய விரிவா சொல்லுங்க, எங்க தாத்தா காலத்துல இருந்து வீட்ல பேசுவாங்க.

சொல்றேங்க. 1896 செப்டம்பர்ல மாண்ட்வி பக்கம் அகாசியோ வியகாஸ்னு ஒரு கோவா டாக்டர் இது பிளேக்குன்னு முதல்ல சொன்னாரு. துறைமுகத்த ஒட்டின தானியக் கிடங்குங்க, எலிங்க, நெருக்கமா கட்டின சால்னு சொல்ற தொழிலாளர் குடியிருப்புங்க. ஜனங்க ஊர விட்டு லட்சக்கணக்குல ஓடுனாங்க. அக்டோபர்ல ஹாஃப்கின பம்பாய்க்கு அனுப்புனாங்க. குடுத்த இடம் கிராண்ட் மெடிக்கல் காலேஜ்ல ஒரு ரூமும் வராண்டாவும், குடுத்த ஆளுங்க ஒரு கிளார்க்கும் மூணு பியூனும்.

பிளேக் கிருமிய எர்சின் ரெண்டு வருஷம் முன்னாடி 1894ல ஹாங்காங்ல கண்டுபிடிச்சிருந்தாரு. ஹாஃப்கின் அத இறைச்சிச் சாறுல வளத்தாரு, மேல நெய் ஊத்துனாரு. நம்ம வீட்டு நெய்தாங்க! மெதக்கிற நெய்த்துளிக்கு அடியில ஒட்டிக்கிட்டு கிருமி விழுது மாதிரி கீழ தொங்கி வளரும். குலுக்கி விட்டா விழுதெல்லாம் அடில விழுந்துடும், மறுபடி புதுசா வளரும். இப்படி வாரக்கணக்குல வளத்து, அப்புறம் ஒரு மணி நேரம் சூடு பண்ணிக் கிருமிய சாகடிச்சு, கார்பாலிக் ஆசிட்னு கிருமிநாசினி சேத்து பாட்டில்ல அடைக்கிறது. காலரா ஊசி உயிரோட இருக்கிற கிருமி, இது செத்த கிருமி. அதுதான் இங்க அவரு எடுத்த பெரிய முடிவு, உயிரோட இருக்கிற பிளேக் கிருமிய மனுஷனுக்குள்ள விட அவரு துணியல. சாறுக்கு மாட்டுக்கறி, பன்னிக்கறி எதுவும் வேண்டாம்னு ஆட்டுக்கறியில தயார் பண்ணாரு, ஹிந்துவும் முஸ்லிமும் ரெண்டு பேருமே கை நீட்டணும்ல.

கூட இருந்தவங்கள்ல ஒருத்தருக்கு மனசே உடைஞ்சு போச்சு, ரெண்டு பேரு வேலைய விட்டுட்டே போயிட்டாங்க, இவரு விடல. 1897 ஜனவரி 10ம் தேதி 10 சி.சி. தனக்கே போட்டுக்கிட்டாரு. மத்தவங்களுக்குப் போட்டதை விட ரொம்ப அதிக டோஸ். கடுமையான காய்ச்சல், அதோடயே வேலை.

அந்த மாசக் கடைசில பைகுல்லா ஜெயிலுக்குள்ள பிளேக் வந்துடுச்சு. கைதிகள்ல பாதிக்குப் பக்கத்துல போட்டுக்கிட்டாங்க. போடாதவங்கள்ல 12 பேருக்கு நோய், 6 பேரு இறந்தாங்க. போட்டவங்கள்ல 2 பேருக்கு நோய், சாவு இல்ல. ஊசிக்கு முன்னாடியே நோய் தொத்தியிருந்த சிலர் அன்னிக்கே இறந்தாங்க, அத அவரு மறைக்காம தனியா எழுதி வச்சாரு.

சட்டக் கல்லூரி மாணவி: கைதிங்க மேல சோதனை பண்ணது சரியா? இன்னிக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் விடாதே.

விடாது, விடவும் கூடாது. தன்விருப்பம்னு பதிவு இருக்கு, ஆனா காலனி ஆட்சியோட ஜெயில்ல, வாசல்ல வெள்ளைக்கார சூப்பரின்டென்டன்ட் நிக்கும்போது விருப்பம்னா என்ன அர்த்தம்னு நீங்க கேக்குறது நியாயம். அவரு தனக்கு முதல்ல போட்டுக்கிட்டாருங்கறது அந்தக் கேள்விய அழிச்சிடாது. ஆனா ஒண்ணு, கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாதுங்கறதுல அவரு உறுதியா இருந்தாரு. அதே வருஷம் அரசாங்கம் என்ன பண்ணுச்சுன்னு பாருங்க, தொற்றுநோய்ச் சட்டம்னு 1897ல ஒண்ணு போட்டாங்க, கொரோனா காலத்துல 2020ல நம்ம மேல பாய்ஞ்சதும் அதே சட்டம்தான். அத வச்சு புனேல பட்டாளம் வீடு வீடா புகுந்து பொம்பளைங்களையும் விடாம சோதனை போட்டு, சாமானத் தூக்கித் தெருவுல எறிஞ்சு ஆடுனதுல ஜனங்க கொதிச்சுப் போயி, பிளேக் அதிகாரி ராண்ட 1897 ஜூன் 22ம் தேதி சாபேக்கர் சகோதரர்கள் சுட்டாங்க. கட்டாயம் ஒரு பக்கம், தானே போட்டுக்காட்டி வாங்கன்னு கூப்புடுறது இன்னொரு பக்கம். ஒரே நோய், ஒரே வருஷம், ஒரே மாகாணம்.

சேலம் வாசகர் மறுபடியும்: இந்தியத் தலைவர்கள் யாராவது அவருக்கு உதவுனாங்களா?

ஆகா கான். இளைஞர் அப்ப, கோஜா முஸ்லிம்களோட தலைவர். தன்னோட குஷ்ரு லாட்ஜ் பங்களாவ லேபுக்குக் குடுத்தாரு, தன் ஜனங்க முன்னாடி தானே ஊசி போட்டுக்கிட்டாரு. ஆயிரக்கணக்கான கோஜாக்கள் பின்னாடி வந்தாங்க.

எபிடெமியாலஜி படிக்கிற டாக்டர்: மேடம், கன்ட்ரோல் குரூப், அதாவது ஒப்பிட்டுப் பாக்க ஊசி போடாத குழு வச்சு செஞ்ச ஆய்வு ஏதாவது உண்டா? ஜெயில் கணக்க மட்டும் வச்சு நம்ப முடியாதுல்ல.

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன் டாக்டர். பரோடா சமஸ்தானத்துல உந்தேரான்னு ஒரு கிராமம், 1898 பிப்ரவரி. ஹாஃப்கின் என்ன செஞ்சாருன்னா, வீடு வீடா ஆளுங்கள வரிசையா நிக்க வச்சு ஒவ்வொரு குடும்பத்துலயும் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு இல்ல. வயசு, ஆண் பெண், உடம்பு எல்லாம் ரெண்டு பக்கமும் ஒத்து வர்ற மாதிரி. அப்புறம் பிளேக் வந்த வீடுகள மட்டும் எடுத்துக்கிட்டு கணக்குப் பாத்தாங்க. ஊசி போட்ட 71 பேருல 8 பேருக்கு நோய், 3 பேரு இறந்தாங்க. போடாத 64 பேருல 27 பேருக்கு நோய், 26 பேரு இறந்தாங்க.

அந்தக் கடைசி எண்ண நான் கிளாஸ்ல சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திடுவேன். 27க்கு 26. அவங்க எல்லாம் யாரோ ஒருத்தரோட பொண்டாட்டி, தம்பி, புள்ள, பக்கத்துல படுத்திருந்தவங்க பொழச்சாங்க. இன்னிக்கு நம்ம பேசுற ரேண்டமைசேஷன், அதாவது சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிற மாதிரி முறை, முழுசா இல்லதான், யாருக்குப் போடணும்னு அவரு கண்ணால பாத்துப் பிரிச்சாரு. ஆனா 1898ல, ஒரே கூரைக்குக் கீழ ஒப்பிடணும்னு யோசிச்ச ஆளு எத்தன பேரு? அப்ப பெரும்பாலான டாக்டருங்க நான் போட்டேன், பொழச்சான்னுதான் எழுதுனாங்க. ஊசியை விட இந்த ஒப்பீடுதான் அவரோட பெரிய கொடைன்னு நான் நினைக்கிறேன், மத்த மைக்ரோபயாலஜிக்காரங்க என்கூட சண்டைக்கு வரலாம்.

பள்ளி ஆசிரியர்: எலி, தெள்ளுப்பூச்சி சம்பந்தம் அவருக்குத் தெரியுமா?

ஊசி தயாரிச்சப்ப யாருக்குமே தெரியாது சார். சிமோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1898ல கராச்சில எலித்தெள்ளுதான் பரப்புதுன்னு காட்டுனாரு, அதையும் ரொம்ப வருஷம் யாரும் நம்பல.

தென்காசியில இருந்து ஒருவர்: முல்கோவால் சம்பவம்னு ஒண்ணு கேள்விப்பட்டேன். ஊசியால ஆளுங்க செத்தாங்கன்னு சொல்றாங்களே?

ஆமாங்க, செத்தாங்க. 1902 அக்டோபர் 30, பஞ்சாப்ல முல்கோவால் கிராமம், இப்ப பாகிஸ்தான்ல இருக்கு. அன்னிக்கு 107 பேருக்குப் போட்டாங்க, அஞ்சு பாட்டில்ல இருந்து. அதுல '53-N'னு குறிச்ச ஒரு பாட்டில்ல இருந்து போட்டுக்கிட்ட 19 பேரும் ஒரு வாரம் கழிச்சு டெட்டனஸ் வந்து இறந்துட்டாங்க. 19 பேரும். டெட்டனஸ் சாவு பாத்தவங்களுக்குத் தெரியும், தாடை இறுகி, முதுகு வில்லா வளைஞ்சு, நினைவு தப்பாமயே சாகுறது. மத்த நாலு பாட்டில்ல இருந்து போட்ட 88 பேருக்கும் ஒண்ணும் ஆகல.

அப்ப கேள்வி ஒண்ணுதான், அந்த பாட்டிலுக்குள்ள டெட்டனஸ் எப்ப போச்சு? பம்பாய் லேப்லயா, கிராமத்துல தொறக்கும்போதா? அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டுச்சு, பம்பாய் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமைல. தொறக்கிறதுக்கு முன்னாடியே, அதாவது லேப்லயே கலந்துடுச்சுன்னு முடிவு சொன்னாங்க. தேவை எகிறிப்போனதால ஹாஃப்கின் தயாரிப்பு முறைய மாத்தி கார்பாலிக் ஆசிட விட்டுட்டு சூட்ட மட்டும் நம்புனாரு, அது தப்புன்னாங்க. பதவில இருந்து ஒதுக்கி வச்சாங்க. 1904ல மனசு வெறுத்து லண்டனுக்குக் கிளம்பிட்டாரு.

ஆனா சாட்சியத்துலயே என்ன இருந்துச்சு தெரியுமா? பாட்டில தொறந்த உதவியாளர் இடுக்கிய தரையில போட்டுட்டாரு. தீயில காட்டிச் சுத்தம் பண்ணணும்னு விதி, அவரு கார்பாலிக் தண்ணில அலசிட்டு அதையே எடுத்து கார்க்கப் புடுங்கியிருக்காரு. கிராமத்துத் தரை, மண்ணு, சாணி, டெட்டனஸ் வித்து வாழுற இடமே அதுதான். ரெண்டாவது, தொறக்கும்போது கெட்ட வாடை எதுவும் இல்லைன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. லேப்லயே கலந்து வாரக்கணக்குல உள்ள வளந்திருந்தா மூடி தொறந்ததும் மூக்கப் புடிச்சிருக்கணும், விஷம் நிறைய ஊறியிருக்கும், ஒரு வாரம் காத்திருக்காம இன்னும் சீக்கிரம் நோய் காட்டியிருக்கும். இந்த சாட்சியம் பொதுவுல வந்ததே 1906லதான், நாலு வருஷம் கழிச்சு!

அதே தென்காசிக்காரர்: அப்புறம் எப்படி வெளிய வந்தாரு?

ரொனால்ட் ராஸ், மலேரியா கொசுவக் கண்டுபிடிச்சு நோபல் வாங்குனவரு, பத்திரிகைல எழுத ஆரம்பிச்சாரு. 1907 ஜூலைல லண்டன் டைம்ஸ்ல ராஸையும், கல்கத்தால சுகாதார அதிகாரியா இருந்த சிம்ப்சனையும் சேத்து பத்து பெரிய நிபுணர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வந்துச்சு, லேப் மேல சொன்ன குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்ல, தப்புன்னு. அந்த வருஷக் கடைசில அரசாங்கம் அவரத் திரும்பக் கூப்ட்டுச்சு.

அவரு யூதர்ங்கறது, ரஷ்யாக்காரர்ங்கறது, எல்லாத்துக்கும் மேல மருத்துவப் பட்டம் இல்லாத விலங்கியல்காரர்ங்கறது, ராணுவ டாக்டருங்க நடுவுல இதெல்லாம் அவருக்கு எதிரா வேலை செஞ்சுச்சுன்னு நான் நினைக்கிறேன். பிரான்ஸ்ல ட்ரெய்ஃபஸ்ங்கற யூத அதிகாரிக்கு நடந்த அநியாயத்தோட இத அப்பவே ஒப்பிட்டுப் பேசுனாங்க. வாழ்நாள் பூரா போட்டவன், போடாதவன்னு ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் வாயத் தொறந்தவரு அவரு. அவரு வழக்குல 19 பேரும் ஒரே பாட்டில்ங்கற அந்த ஒப்பீட்ட யாரும் கடைசி வரைக்கும் கொண்டு போகல. பஞ்சாப்ல ஜனங்க ஊசின்னாலே பயந்தாங்க. 1907ல மட்டும் இந்தியாவுல பிளேக்ல 10 லட்சத்துக்கு மேல செத்தாங்க. எனக்கு இந்தப் பகுதிய எழுதும்போது இப்பவும் கோவம் வருது.

நர்சிங் மாணவி மறுபடியும்: திரும்பி வந்து பழைய மாதிரி வேலை செஞ்சாரா மேடம்?

இல்லமா. பம்பாய்ல அவரு இடத்துல வேற ஆளு இருந்தாங்க, அதனால கல்கத்தாவுல ஒரு லேப் குடுத்தாங்க. ஆனா புது ஊசிய மனுஷங்களுக்குப் போட்டுப் பாக்க அனுமதி இல்ல. அவரோட கையக் கட்டிப் போட்ட மாதிரிதான். 1914ல ஓய்வு. மிச்ச வாழ்க்கை பிரான்ஸ், கடைசில சுவிட்சர்லாந்து. கல்யாணம் பண்ணிக்கல. மத நம்பிக்கைல ஆழமாப் போயிட்டாரு, சேத்த பணத்த கிழக்கு ஐரோப்பால இருக்கிற யூத மதப்பள்ளிகளுக்கு எழுதி வச்சுட்டு 1930 அக்டோபர்ல லோசான்ல இறந்தாரு.

பி.எஸ்சி. மாணவர்: அக்கா, அந்த பிளேக் ஊசி இப்பவும் போடுறாங்களா?

பொதுவா இல்ல தம்பி. அது ஓரளவு பாதுகாப்புதான் குடுக்கும், சில மாசத்துல குறைஞ்சிடும், நுரையீரல் பிளேக்குக்கு நம்ப முடியாது, காய்ச்சலும் வீக்கமும் வேற. ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் வந்த பிறகு கதையே மாறிடுச்சு. ஆனா மருந்தே இல்லாத காலத்துல 1897ல இருந்து 1925 வரைக்கும் பம்பாய்ல இருந்து 2 கோடியே 60 லட்சம் டோஸ் போயிருக்கு. காலராவுக்கு இப்ப வாய்வழியா குடுக்கிற தடுப்பு மருந்து இருக்கு, வந்துட்டா உப்புச் சர்க்கரைக் கரைசல் இருக்கு.

கோயம்புத்தூர் வாசகி: எங்க ஊர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கு அக்கா. இவரோட ஊசி நம்ம பக்கம் வந்துச்சா? கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் உண்டா?

கிண்டி வேற கதைங்க, அது அம்மை ஊசி தயாரிக்க ஆரம்பிச்ச இடம், பேரு கர்னல் கிங்கோடது. பிளேக் ஊசின்னா பம்பாய் பரேல் லேப்தான், எல்லா மாகாணத்துக்கும் அங்க இருந்துதான் பாட்டில் போச்சு. உங்க கோயில் எழும்புன அந்தக் காலமும் இந்த ஊசியோட காலமும் ஒண்ணுதான், ஊசியும் போட்டுக்கிட்டு மாரியம்மாவுக்கும் வேண்டிக்கிட்ட பாட்டிங்க நிறைய இருந்திருப்பாங்க, ரெண்டுல எதையும் நான் குறைச்சுப் பேச மாட்டேன்.

தாராவிக்காரர்: பரேல்ல அந்தக் கட்டடம் இப்பவும் இருக்கா?

இருக்கு. முன்னாடி அது பம்பாய் கவர்னரோட மாளிகை. 1880கள்ல ஒரு கவர்னரோட மனைவி காலரால இறந்த பிறகு அங்க யாரும் தங்க விரும்பல, மலபார் ஹில்லுக்குப் போயிட்டாங்க. 1899 ஆகஸ்ட்ல அத ஹாஃப்கினோட பிளேக் லேபா தொறந்தாங்க, 1925ல ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்னு பேரு வச்சாங்க, அப்ப அவரு உயிரோடதான் இருந்தாரு. பின்னாடி போலியோ சொட்டு மருந்தும் அந்த வளாகத்துல இருந்து வந்துச்சு. ஒரு மியூசியமும் வச்சிருக்காங்க. போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க, புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க.